முழங்காலுக்குள் ஒரு சாரம்

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவதுதான் அவருக்கு முப்பது வருடப் பிழைப்பு. மேஸ்திரி முதல் பெயின்டர் வரை எல்லோருக்கும் அவர் 'சாரக்காரர்'. குழாய்களைப் பூட்டிப் பலகையைப் போட்டதும், வேறு யாரையும் ஏற்றுவதற்கு முன் தானே ஏறி இரண்டு குதி குதிப்பார். "நான் குதிச்சு நின்னாத்தான் நீங்க நடக்கலாம்" என்பார். தலைக்கனம்தான். ஆனால் அவர் கட்டிய சாரத்திலிருந்து ஒருத்தரும் விழுந்ததில்லை என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்த மனிதருக்குத்தான் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. டாக்டரம்மா கிழிசலை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு துண்டை வைத்துத் தைத்தார். நோயாளிக்குப் புரியட்டுமே என்று அவருடைய தொழில் பாஷையிலேயே விளக்கப்போனதுதான் வினை.

"உள்ள ஒரு சாரம் வச்சிருக்கேன். உங்க உடம்புல இருக்குற செல் எல்லாம் அதுல ஏறி ஜவ்வை வளர்த்துக்கும். அப்புறம் சாரம் தானா கரைஞ்சிடும். ஆறு வாரம் அந்தக் காலை ஊனவே கூடாது."

"சாரத்தைப் பத்தி எனக்கா சொல்றீங்க" என்று சிரித்தார் சாரக்காரர். ஆறு வாரம் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. காலையில் கட்டினால் மதியம் ஆள் ஏறும். அவருக்குத் தெரிந்த சாரம் அதுதான்.

மூன்றாவது வாரம். மனைவி தையல் கடை வேலைக்குப் போயிருந்தாள். படுத்துப் படுத்து அவருக்கு மண்டை காய்ந்தது. மறுபடி மேலே ஏற முடியுமா, முடியாதா? அந்த ஒரே கேள்வி உயிரை எடுத்தது. ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றார். கால் தாங்கியது. அதோடு விட்டிருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார்.

உள்ளே ஏதோ சடக்கென்று நழுவியது.

சாயங்காலத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்று மனைவியிடம் புளுகினார். அவள் ஆட்டோ பிடித்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா திரையில் படத்தைப் பெரிதாக்கினார். "முன்பக்கம் ரெண்டு தையல் பிரிஞ்சிருக்கு. வழுக்கினதுதானா?"

அவர் தரையைப் பார்த்தார். "குதிச்சேன்."

"எதுக்கு?"

"தாங்குதான்னு பாக்கத்தான். சாரம்னா அப்படித்தானே பாக்கணும்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"இது நீங்க ஏறி நிக்கிற சாரம் இல்லைங்க. மூணு வாரமா அதுல செல் எல்லாம் ஏறிட்டிருந்துச்சு. நாளைக்குத் திறந்து பாக்குறேன். சாரம் கெடாம இருந்தா மறுபடி தைக்கலாம். இல்லேன்னா எடுத்துடணும். எடுத்துட்டா நடப்பீங்க, மேல ஏறுறதை மறந்துடணும்."

ஆள் ஏறியிருந்த சாரத்திலா குதித்தோம்? வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்.

வராந்தாவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே மனைவி கேட்டாள்: "உங்க பலகையில ஏறினவங்க யாராவது உங்களை நம்பாம குதிச்சுப் பாத்தாங்களா?"

"இல்ல."

"அவங்க உசுரையே உங்க கையில விட்டாங்க. உங்களால ஒரு காலை இன்னொருத்தர் கையில விட முடியல."

அவருக்கு அழுகை வந்தது; அவள் பின்னாலிருந்து தள்ளியதால் துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"மறுபடி தச்சிருக்கேன். ஆறு வாரத்துல இன்னைக்குத்தான் முதல் நாள்."

நிற்குமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சாரக்காரர் அதை விழுங்கிக்கொண்டார்.