ஆளுக்கு ஒரு எறா

பரீட்சைக்கு வந்த எறா எங்கள் அப்பா பிடித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போய் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். அம்மா உப்பளத்தில் உப்பு வாரினாள். அப்பா கழிவெளி ஏரியில் எறா பிடித்தார். பிராக்டிகல் பரீட்சைக்கு எறா வேண்டும் என்று எங்கள் லெக்சரர் ஆள் அனுப்பினார். அப்பா பெரியதாகப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மகள் படிக்கிற இடமாம்.

அந்தப் பரீட்சையில் ஃபெயிலானால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். நின்றால் நானும் உப்பளம்தான். வீட்டில் இதை யாரும் மறைத்துப் பேசியதில்லை.

எனக்கு வந்த கேள்வி எறாவின் நரம்பு மண்டலம். மெழுகுத் தட்டில் எறாவைக் குத்தி வைத்து, மேலோட்டை எடுத்து, சதையை நார் நாராக நீக்கினால் கண்களுக்கு நடுவே மூளை இருக்கும். அங்கிருந்து இரண்டு இழைகள் தொண்டையைச் சுற்றி இறங்கி, வால்வரைக்கும் ஒரே நரம்பாக ஓடும். எதுவும் அறுபடக் கூடாது. அடியில் கறுப்புக் காகிதம் நுழைத்துக் காட்ட வேண்டும்.

வகுப்பில் நன்றாகவே செய்திருக்கிறேன். அதெல்லாம் ஃபார்மலினில் ஊறி விறைத்த எறா. தின்கிற பொருளாகவே தெரியாது. அன்றைக்குக் கையில் இருந்தது பச்சை எறா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பக்கத்து மேஜைப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தார். பயத்தில் அவரையே பார்த்துக்கொண்டு எறாவை எடுத்தேன். கை அதன் வேலையைச் செய்துவிட்டது. தலையைத் திருகிக் கிள்ளிப் போட்டு, முதுகுக் குடலை உருவிவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் கையும் அதைத்தான் செய்யும். குனிந்து பார்த்தபோது தலை தட்டுக்கு வெளியே கிடந்தது.

"ஏம்மா, கொழம்பா வைக்கப் போற?" என்றார் எக்ஸாமினர். எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னொண்ணு குடுங்க சார். செஞ்சி காட்டிடறேன்."

"ஆளுக்கு ஒண்ணுதான்."

ஜன்னலோரம் ஒரு பேசினில் எறா மிச்சம் இருந்தது. சாயங்காலம் அது யார் வீட்டுச் சட்டிக்குப் போகும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். லெக்சரர் அந்தப் பேசினுக்குப் பக்கத்தில்தான் நின்றார். யார் கொடுத்த எறா என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எக்ஸாமினரைக்கூட விட்டுவிடலாம், அவர் யாரோ. இந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மிச்ச உடம்பில் இருந்த நரம்பைப் பிரித்துக் கறுப்புக் காகிதம் வைத்தேன். யாரும் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"எறா நல்லா இருந்துச்சா பாப்பா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

ரிசல்ட் வந்தபோது ஃபெயில் என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் லெக்சரர் எறா கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா பொறுக்கிக் கொடுத்தார். நான் அப்போது உப்பளத்தில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.