எஸ்னாத் அமாயியும் காலி பெஞ்சுகளும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாக நோய் வராது. நான் சொல்லவில்லை, தலைநகர் லிலோங்வேயில் உள்ள திட்ட அலுவலகத்தின் கணக்கு சொல்கிறது. ஒரு வட்டாரத்தின் மொத்த உற்பத்தியைத் தலைகளால் வகுத்து வருவதை வைத்து, எத்தனை பேர் வைத்தியம் தேடுவார்கள் என்று அங்கே கண்டுபிடிக்கிறார்கள். உற்பத்தி பெரிதானால் காய்ச்சலும் பெரிது. சோளமும் கொஞ்சம் புகையிலையும் போடுகிற எங்களுக்கு அரைக் காய்ச்சல்தான் கட்டுப்படியாகும்.

இந்தக் கணக்கோடு மோதியவர் எஸ்னாத் அமாயி. அமாயி என்றால் எங்கள் பேச்சில் அம்மா. சுகாதார நிலைய வாசலில் மந்தாசி என்கிற மாவு உருண்டைகளை எண்ணெயில் சுட்டு விற்பவர். மருத்துவக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவி. கூட்டத்துக்கு வராதவர் தலையில் பதவியைக் கட்டுவது எங்கள் வழக்கம். அன்று அவரால் அடுப்பை விட்டு வர முடியவில்லை.

விளையாட்டாய் வந்த பதவியை அவர் விளையாட்டாய் எடுத்துக்கொள்ளவில்லை. நிலையத்தில் ஒரே ஒரு நர்ஸ், லவ்னெஸ். ஒரே நேரத்தில் இரண்டு பெண்களுக்கு வலி வந்தால் ஒருத்தி பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். எஸ்னாத்தின் மகள் தமந்தானி வேறு தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அதனால் இன்னொரு நர்ஸ் கேட்டு, போகிற வருகிற அதிகாரிகளையெல்லாம் மந்தாசி கொடுத்து மடக்கினார்.

கடைசியில் நேரில் பார்க்கத் திட்ட அலுவலகத்திலிருந்து ம்சிஸ்கா என்ற அதிகாரி வந்தார். வந்த நாள்தான் சரியில்லை. அன்று காலையில் பக்கத்து ஊர்த் தலைவர் இறந்துபோனார். சாவு விழுந்தால் எங்களில் யாரும் வயலில் மண்வெட்டியைத் தொட மாட்டோம். நடக்க முடிந்த நோயாளியும் எழுந்து சாவு வீட்டுக்குப் போய்விடுவார். நிலையத்துப் பெஞ்சில் ஓர் ஆடு மட்டும் படுத்திருந்தது.

"பாத்தீங்களா அமாயி? கணக்கு சொன்ன மாதிரியே இருக்கு. ஒரு ஆள் இல்ல."

"நாளைக்கு வந்து பாருங்க ஐயா, நிக்க இடம் இருக்காது."

"நாளைக்கு வேற ஊருக்குப் போகணும். என் டிரைவர் எங்க?"

"சாவுக்குப் போயிட்டான்."

"அவனுக்கு இங்க யாரையுமே தெரியாதே!"

"மரியாதை தெரியும்ல. நீங்களும் கெளம்புங்க. வரலன்னா, சூனியம் வெச்சதே இந்த ஆள்தான்னு பேசிடுவாங்க."

ம்சிஸ்கா கிளம்பிவிட்டார்.

சாவு வீட்டில் அவரை ஆண்கள் பக்கம் தரையில் உட்கார வைத்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. பாட்டைவிட இருமல் தாளம் தப்பாமல் வந்தது. அவருக்கு இடப்பக்கம் வீங்கிய கால், வலப்பக்கம் நடுங்குகிற காய்ச்சல். எதிரே பெண்கள் பக்கம் நிறைமாத வயிறுகள் வரிசையாக. லவ்னெஸ் மாமரத்தடியில் ஒவ்வொருவராக நெற்றி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்கல்லாம் யாரு அமாயி?" என்று அந்தப் பக்கம் வந்த எஸ்னாத்திடம் கேட்டார்.

"உங்க காலி பெஞ்சு ஐயா."

ம்சிஸ்கா பக்கத்தில் இருமிய கிழவரிடம் கேட்டார்: "இவ்வளவு முடியாதப்ப எதுக்கு தாத்தா இங்க வந்தீங்க?"

"நான் போறப்ப தூக்கறதுக்கு நீயா வருவே?"

அடக்கம் முடியாமல் டிரைவர் நகர மாட்டேன் என்றுவிட்டான். அடக்கம் முடிந்தபோது இருட்டிவிட்டதால் ம்சிஸ்கா ஊரிலேயே தங்கினார். மறுநாள் காலையில் ஆட்டுக்குக்கூடப் பெஞ்சில் இடமில்லை. வரிசை எஸ்னாத்தின் அடுப்பையும் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. ம்சிஸ்கா அதன் கடைசி வரை நடந்துபோய்த் திரும்பினார்.

"எங்க கணக்குல சாவு வீட்டுக்கு எடமே இல்ல அமாயி," என்றார்.

"இவங்களுக்கும்தான் இல்ல."

அவர் லிலோங்வே திரும்பி அலுவலகத்தில் சண்டை போட்டிருக்கிறார். கணக்கு மாறவில்லை; அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. எங்களை 'விதிவிலக்கு' என்று தள்ளிவைத்து, விதிவிலக்குக்காக ஒரு நர்ஸை அனுப்பிவைத்தார்கள்.

தமந்தானிக்கு வலி கண்ட அன்றே தையல்காரர் மனைவிக்கும் கண்டது. யாரையும் யாரும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டு அறைக்கும் நடுவே ஓடிய எஸ்னாத், பேத்தியின் அழுகை கேட்ட பிறகுதான் அடுப்பை நினைத்தார். மந்தாசி கரியாகியிருந்தது.

அதையும் விற்றுவிட்டார்.

"இதுவும் உற்பத்திதான்," என்றார் வாங்கியவர்களிடம். "அந்த ம்சிஸ்காவ எழுதிக்கச் சொல்லுங்க."