நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி

என் அண்ணன் ஆய்க்குடியில் வாத்தியாராக இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், ஒட்டிய உடம்பு, சோடாப்புட்டிக் கண்ணாடி. அந்தத் தை மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். இரண்டு வாரத்தில், சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. மலேரியா என்றார்கள், டைபாய்டு என்றார்கள். மாசி முடிவதற்குள் அவன் சட்டை வேறு யாருடையதோபோல் தொங்கியது.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நகங்களுக்குள் சிவப்புக் கீற்றுகள் ஓடியிருந்ததைப் பார்த்தார்.

"பல்லுல இருந்த கிருமி ரத்தத்தோட போயி இதய வால்வுல ஒட்டியிருக்கு. இந்த மாதிரி நெட்டை வாகு ஒடம்புக்கு வால்வு பிறவியிலேயே தளர்ச்சியா இருக்கும், குடும்பத்துல வர்றது. அப்பாவும் இதே உசரமா?"

அம்மா தலையாட்டினாள். "வயல்ல தண்ணி பாய்ச்சிக்கிட்டு நின்னவுக, நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்தாக. அதோட சரி."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நானும் அண்ணன் மாதிரிதான், நெட்டை. என் நீண்ட விரல்களைப் பார்த்துவிட்டு என் நெஞ்சிலும் குழாயை வைத்தார்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல," என்றார். அந்த 'இப்போதைக்கு' எனக்குள் முள்ளாகத் தைத்தது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, ஆறு வாரத்துக்கு. வால்விலிருந்து துணுக்கு ஏதாவது பிய்ந்து மூளைக்குப் போய்விடலாம், பேச்சு குழறுகிறதா என்று கவனித்துக்கொண்டே இரு என்று என்னிடம் சொல்லியிருந்தார் டாக்டர். அவன் கண்ணை மூடினாலே எனக்குப் பயம். உலுக்கி எழுப்புவேன்.

"அண்ணே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

"ஏட்டி, வாத்தியார் நானா நீயா?"

"சொல்லேன்."

சொல்லுவான். ஒரு எண்ணில் தயங்கினால் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். ஊசி குத்திக் குத்தி இடுப்பில் இரண்டு பக்கமும் கட்டிப்போனதில் ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியாமல் கிடந்தான்.

ஐந்து நாள் காய்ச்சல் அசையவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல," என்றாள்.

"இன்னொருக்க வச்சுப் பாருங்கக்கா."

வைத்தாள். இல்லைதான். அப்போதும் நான் அவன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் வீட்டுக்கு வந்தான். வால்வில் கசிவு மட்டும் அப்படியே தங்கிவிட்டது, அதற்கு அந்நாளில் எங்களுக்கு எட்டிய வைத்தியம் எதுவும் இல்லை. இனிப் பல் பிடுங்குவதானால் முன்கூட்டியே பெனிசிலின் போட்டாக வேண்டும் என்று டாக்டர் எங்கள் இருவருக்குமே எழுதிக் கொடுத்தார்.

ஆடிச் சாரலில் குற்றாலம் போனோம். அருவிக்கடியில் நிற்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அண்ணன் தள்ளி நின்று முகத்தில் தூவானம் வாங்கிக்கொண்டான்.

"போதும் வா, மூச்சு வாங்குது ஒனக்கு," என்றேன்.

"நல்லாத்தாம்ட்டி இருக்கேன். நீ போய்க் குளி."

நான் போகவில்லை. அதன்பின் ஏழு வருஷம் இருந்தான், பள்ளிக்கூடம் போனான், வந்தான். அவன் வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன்.