சித்தப்பாவின் ஒற்றைக் கை வேகம்

கவரைப்பேட்டைப் பக்கம் சித்தப்பா வேலை பார்த்த கம்பெனிக்குள் குடும்பத்தோடு போக வருடத்தில் ஒரு நாள்தான் அனுமதி: ஆயுத பூஜையன்று. மற்றவர்கள் சாமி கும்பிடப் போனார்கள். நான் பொரிக்கும் லட்டுக்கும் போனேன்.

சித்தப்பாவுடையது தகடு அடிக்கிற பிரஸ். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். கைகள் பட்டனில் இருந்தால் இரும்புக்கடியில் இருக்காது என்று எவனோ யோசித்துச் செய்த ஏற்பாடு. சித்தப்பா அவனுக்கும் மேலே யோசித்து, இடது பட்டன் அமுங்கியே இருக்கும்படி ஒரு மரச்சில்லைச் செருகி வைத்திருந்தார்.

“மத்தவன் ஒண்ணு அடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு அடிப்பேன்டா!”

அந்த வேகத்துக்குக் கம்பெனி ஒரு குக்கர் பரிசு கொடுத்திருந்தது. பூஜையன்று சில்லுக்கும் சந்தனம், குங்குமம்.

பொட்டு வைத்த மரச்சில்லைப் பார்த்தால் எந்தப் பையன் சும்மா இருப்பான்? பிடுங்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

கற்பூரம் காட்டி, திருஷ்டி கழிய நசுக்குவதற்காக எலுமிச்சம்பழத்தை இரும்புக்கடியில் வைத்தார்கள். பழம் உருண்டது. சித்தப்பா அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வலது பட்டனை அமுக்கினார். இரும்பு அசையவில்லை.

சூப்பர்வைசருக்கு முகம் கறுத்தது. “எவன்யா கட்டையப் புடுங்குனது? நாளைக்கு லோடு போவணும். ரெண்டு கையால அமுக்கிக்கினு இருந்தா எப்ப முடிக்கிறது?” என்றவர், தானே வேறு சில்லு சீவிக் கொடுத்தார்.

நான் கக்கூஸுக்கு ஓடி, சில்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மிதந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். பொட்டு அழிந்ததே தவிர, சில்லு போகமாட்டேன் என்றுவிட்டது.

பொங்கலுக்கு முன்னால் சித்தப்பாவின் இடது கையில் நான்கு விரல் போயிற்று. மிஷின் சாமிக்கு என்மேல்தான் கோபம், அடுத்த பலி நான்தான் என்று முடிவு கட்டினேன். ஃபேன் சுவிட்சைக்கூடக் குச்சியால்தான் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குச் சூப்பர்வைசர் ஹார்லிக்ஸோடு வந்தார். “இன்னாப்பா இது? கட்டைய வெக்கச் சொல்லி நாங்களா சொன்னோம்? நாளைக்கு மேல எடத்துல கேப்பாங்க, பேஜாராயிடும்.”

சித்தப்பா படுத்தபடியே தலையாட்டினார். “எம்மேலதான் சார் தப்பு. யாரும் சொல்லல. வேலைய மட்டும் பாத்து வெய்யுங்க சார்.”

என் பெயர் வரவே இல்லை! போன உயிர் திரும்பி வந்தது. ஹார்லிக்ஸைத் திறந்து, பொடியாகவே அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

“சாரு ரொம்ப நல்லவரு, இல்ல சித்தப்பா?”

“ஆமாண்டா” என்றார்.

கட்டிலோரம் இருந்த சித்தி ஏன் அப்படிச் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.