புழு வாத்தியார் வேலுச்சாமி

போன வியாழக்கிழமை பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வேலுச்சாமி சார் காலமாகிவிட்டார் என்று எங்கள் பள்ளி எழுத்தர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார். நெஞ்சுவலியாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சனிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அவரை ஊரைவிட்டு அனுப்பியவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து அவரைப் புகழ்ந்தார்கள். செத்தவன் கண் செந்தாமரைக் கண் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறுபதுகளின் நடுவில், திருச்சுழிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நாங்கள் இருவரும் அறிவியல் ஆசிரியர்கள். நான் மூத்தவன். அவர் எம்.ரெட்டியபட்டிக்காரர், பருத்தி விவசாயக் குடும்பம். ஊருணிக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டிக் கிடக்கும் சின்னத் தட்டைப்புழுக்களை எடுத்து வந்து கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்தார். சவர பிளேடால் ஒன்றை மூன்றாக அறுப்பார். இரண்டு வாரத்தில் வால் துண்டுக்குத் தலையும் கண்ணும் வந்திருக்கும். தலைத் துண்டுக்கு வால் வந்திருக்கும். நடுத்துண்டு இரண்டையும் வளர்த்திருக்கும். இரை போடாமல் விட்டாலும் லேசில் சாகாது, நாளுக்கு நாள் சிறுத்துப்போகும்.

"நம்ம ஊரு சீவன்தான் சார், பஞ்சத்துக்குத் தக்கன சுருங்கிக்கிரும்" என்பார்.

அந்த ஊருணித் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. அதனால் நரம்புச் சிலந்தி நோயும் இருந்தது. காலில் கொப்புளம் உடைந்து நூல்போலப் புழு தலைகாட்டும். அதை ஈர்க்குச்சியில் சுற்றித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார்கள். அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். அறுந்த துண்டு உள்ளே மறுபடி வளர்கிறது என்று ஊரில் நம்பினார்கள். வேலுச்சாமி சார் வீடு வீடாகப் போய், வேட்டித் துணியை நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள் என்று சொன்னார். பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஆண்கள் சிரித்தார்கள்.

ஒரு கோடையில், பள்ளிக் கமிட்டித் தலைவரான பலசரக்கு வியாபாரியின் மகனுக்குப் புழு அறுந்து கால் வீங்கியது. எங்கள் வகுப்பில் குப்பியில் பார்த்ததை அவன் வீட்டில் சொல்லியிருந்தான். வியாபாரி பத்துப் பேரோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

"அறுத்தா மொளைக்கிற புழுவ வாத்தியாரு வளக்காரு. கழுவுன தண்ணிய ஊருணியில ஊத்துறாரு. எங்க பிள்ளைக காலுல ஏன் வராது?"

குப்பியில் இருக்கும் புழு மனித உடம்பில் வாழாது, காலில் வரும் புழு அறுந்தால் வளராது, செத்து உள்ளேயே அழுகும் என்று வேலுச்சாமி சார் நிதானமாக விளக்கினார். யாரும் காதில் வாங்கவில்லை. தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மூத்தவரு. சொல்லுங்க சார், ரெண்டும் ஒண்ணா?"

எனக்கு அந்த ஊரில் வீடு இருந்தது. கல்யாணத்துக்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். வேலை கமிட்டி கையில் இருந்தது. "ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்" என்றேன்.

அவர் கையாலேயே குப்பிகளில் கொதிநீர் ஊற்றவைத்தார்கள். மாதக் கடைசியில் வேலையும் போயிற்று. புழு வாத்தியார் என்ற பெயர் அவருக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்ததால் வேறு பள்ளி எதுவும் எடுக்கவில்லை. அருப்புக்கோட்டையில் நூல் கடையில் சிப்பம் கட்டியே காலத்தைக் கழித்தார். பின்னால் சுகாதாரத் துறையினர் ஜீப்பில் வந்து அதே வடிகட்டும் கதையைச் சொன்னபோது, ஊர் கைகட்டிக் கேட்டது. இதை முதலில் சொன்னவர் வேலுச்சாமி சார்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

செய்தி கேட்ட அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். சிப்பக் கயிறு அறுத்துக் காய்ப்பேறிய கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்கள ஒரு நாளும் குறை சொன்னதில்ல சார். 'அவுகளுக்கு நெசமாவே தெரியல போல'ன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னாக."

எனக்குத் தெரியும், வேலுச்சாமி சார். அன்றைக்கே தெரியும். போய் வாருங்கள்.