வேலூரில் கை நனைத்தது

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது யாரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காபியோடு எழுந்து போய்விடுவார்கள், சோறு சாப்பிட மாட்டார்கள். பிறகு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவார்கள். அங்கே இலை போடுவார்கள். சம்மதமென்றால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். அதற்குக் கை நனைக்கிறது என்று பெயர். கை நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. சோற்றை அளைந்துவிட்டு எழுந்தால் அதுவும் ஒரு பதில்தான். யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தின புண்ணியவான், இரைப்பையை வெட்டி எடுத்துக்கொண்ட ஒரு பொம்பளை வந்து இலைக்கு முன்னால் உட்காருவாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான். அந்தப் பொம்பளை நான்தான்.

நாமக்கல்லை ஒட்டி எங்களுக்குக் கோழிப்பண்ணை. கல்யாணமாகி வந்தபோது ஒல்லியாகத்தான் இருந்தேன். எப்போது ஊதினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கடைசியில் நூற்றுப்பத்து கிலோவில் வந்து நின்றது. முட்டி இரண்டும் போச்சு. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று என் வீட்டுக்காரர் பயந்து, பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர்தான் சொன்னார், இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிடலாம், ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைப்போம் என்று. எனக்குத் திக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். மகள் கல்யாணத்தை நான் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே என் அண்ணனும் வீட்டுக்காரரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். குண்டா இருந்து வயித்த வெட்டுனாங்கன்னு வெளிய தெரிஞ்சா, புள்ளையும் நாளைக்கு அப்படித்தான் ஊதும்னு சொல்லிப்போடுவாங்க. கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லிக்கலாம்" என்றார் அண்ணன்.

"எதுக்குப் பொய்? கொழுப்பு என்ன களவாண்டதா? நான் தின்னது, என் உடம்புல இருக்குது" என்றேன். யார் கேட்டார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்றைக்கு ஆரம்பித்தது. பூசணிக்காயும் நான், சோறும் நான்.

பிறகு வந்ததெல்லாம் அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. முட்டைக்கு நடுவில் வாழ்கிறவள் நான். பண்ணையிலிருந்து வந்ததும் நாலு முட்டையை உடைத்து ஊற்றி நின்றபடியே சாப்பிடுவேன். ஆபரேஷன் முடிந்து திட ஆகாரம் ஆரம்பித்த அன்றைக்கு, வேகவைத்த அரை முட்டை நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மீதி அரை முட்டையைத் தட்டில் பார்த்துப் பார்த்து அழுதேன். பசி கூட இல்லை, அதுதான் கொடுமை. ஆசை மட்டும் பழையபடி அப்படியே இருந்தது.

அப்புறம் முடி. சீப்பை எடுத்தால் கற்றை கற்றையாக வந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், திரும்பி வளரும் என்று. இருந்தாலும் குளியலறைச் சல்லடையில் நம் முடியே அடைத்துக்கொண்டு தண்ணீர் போகாமல் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் குலை நடுங்கும். வளையல் தானாகக் கழன்று தவிட்டு மூட்டையில் விழுந்தது. சித்திரை வெயிலில் ஊரே மின்விசிறிக்கு அடியில் கிடக்க, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றுத் தோல் மடிந்து தொங்கியது. கன்னம் ஒட்டி, கழுத்து சுருங்கி, கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி என் ஜாக்கெட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். "கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆயிருச்சு" என்று பண்ணைக்குத் தீவனம் கொண்டுவருகிற லாரி டிரைவர் என் காதுபடவே சொன்னான். முட்டி வலி போயிருந்தது, சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. அதை யாரிடம் சொல்லிக்கொள்வது? எனக்குத்தான் கர்ப்பப்பையில் கட்டியாயிற்றே.

இப்படி இருக்கிறபோதுதான் பரமத்தி வேலூரிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தது என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. பையன் படித்துவிட்டு வெற்றிலைத் தோட்டத்தையும் வாழையையும் கவனிக்கிறவன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவனும் என் மகளும் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கீழே இறங்கி வந்தபோது முகத்தைப் பார்த்தேன். கேட்கவே வேண்டியதில்லை. "போன் நம்பராச்சும் வாங்குனியா கண்ணு?" என்றதற்கு, "முடிவாகட்டும்மா, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எத்தனையோ இடம் வந்து தட்டிப் போயிருக்கிறது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் வேலூர் போனோம். வீட்டுக்காரர், அண்ணன், நாத்தனார், நான். பையனின் அம்மா வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சமையல் வாசனை தெரு வரைக்கும் அடித்தது. தலைவாழை இலையில் சோறு மலையாக வந்து விழுந்தது. பெண்ணைப் பெற்றவள் இலை என்பதால் எனக்குத்தான் முதல் கவனிப்பு. நான் இரண்டு வாய் வைத்து, மென்று மென்று, விழுங்கினேன். அவ்வளவுதான் இடம்.

"என்னுங்க, எங்கூட்டுச் சோறு பிடிக்கலீங்களா? கொறிச்சுட்டு உக்காந்திருக்கீங்களே?" என்றார் அந்த அம்மா.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. நல்லாருக்குதுங்க."

"அப்ப சாப்புடுங்க!" என்று நெய் சொட்டச் சொட்ட ஓர் ஒப்புட்டைப் போட்டார். போளியைத்தான் நாங்கள் ஒப்புட்டு என்போம். கடலைப்பருப்பும் வெல்லமும். இனிப்பு தொடாதே என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த அம்மா பக்கத்திலேயே குனிந்து நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மகளின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. பாதி ஒப்புட்டை விழுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேர்வை ஆறாக ஓடியது. கண் இருட்டியது. இலையில் சோறு அப்படியே கிடக்க எழுந்து புழக்கடைக்கு ஓடி, வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நாத்தனார்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பேயறைந்தவர் போல ஓடிவந்தார். உண்மை வெளியில் வந்துவிடுமோ என்கிற பயத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பயணம் ஒத்துக்கலீங்க. நாம அப்புறம் பேசிக்கலாங்க" என்று சொல்லி, தட்டில் வைத்திருந்த வெற்றிலை பாக்கைக்கூட எடுக்காமல் என்னைக் காரில் ஏற்றினார். அப்புறம் பேசிக்கலாம் என்று எங்கள் ஊரில் எதற்குச் சொல்வார்கள் என்று அந்த மனுசனுக்குத் தெரியாதா? பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான்.

நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்ல வேண்டியது மாப்பிள்ளை வீட்டார். நாங்கள் காத்திருந்தோம். ஒரு வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவள் கை வேலையை நிறுத்துவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாமளே கூப்பிடலாங்க" என்றால், "பொண்ணு ஊட்டுக்காரங்க அலையக்கூடாது" என்றார் வீட்டுக்காரர். கௌரவம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். மனுசன் முட்டை லோடு ஏற்றப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் நாத்தனார் வந்தாள். கையில் ஒரு பை சாத்துக்குடி. வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவினாள். தடவிக்கொண்டே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நங்கை, எங்கிட்டயாச்சும் உண்மையச் சொல்லுங்க" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது. "எத்தன நாள் சொல்லியிருக்காங்க?"

"எதுக்கு எத்தன நாளு?"

"கர்ப்பப்பையில கட்டின்னீங்க. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. ஆளு பாதியாயிட்டீங்க. அன்னிக்கு வேலூர்ல நானே கண்ணால பார்த்தனே. எங்க பக்கத்தூட்டு அம்மாவுக்கும் இப்படித்தான் கேன்சர்ல..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. எதிரில் வருகிறவர்கள் "பாத்துப் பதனமா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனது, வெண்ணந்தூர்ச் சொந்தக்காரர் கோயில் திருநீறு கொடுத்தனுப்பியது, எல்லாம். ஊர் எனக்குப் பாடையே கட்டி முடித்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை!

"அடியே, எனக்குக் கேன்சரும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. குண்டு குறையறதுக்கு வயித்த வெட்டிக்கிட்டேன். உங்கண்ணன்தான் வெளிய சொல்லக்கூடாதுன்னு வாயக் கட்டிப் போட்டாரு!"

சந்தோசப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் வெளுத்துவிட்டது. சாத்துக்குடிப் பை மடியிலிருந்து உருண்டு விழுந்தது.

"ஐயோ நங்கை... நா ஒரு காரியம் பண்ணீட்டனே."

"என்ன பண்ணுன?"

"அந்தம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. பொண்ணோட அம்மா இலையில அப்படியே உட்டுட்டு எந்திரிச்சுட்டாங்களே, மனசில்லீங்களான்னு கேட்டுச்சு. கேன்சருன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பேச்சு பரவுனா நம்ம புள்ளையக் கட்ட எவன் வருவான்? அதனால, ஆமாங்க, நங்கைக்கு அவ்வளவா மனசில்ல, நீங்க வேற எடம் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

அவளைக் கும்பிடுவதா, கொல்வதா? என் மகள் பேர் கெடக்கூடாது என்று அவளும் மறைத்திருக்கிறாள். அதே மகளுக்காகத்தான் நாங்களும் மறைத்தோம். கதவுக்குப் பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நான் போய்ட்டு வாரேன் கண்ணு" என்றேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறினேன். மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தேன். எவ்வளவோ வருசத்துக்குப் பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. அதைச் சந்தோசமாக நினைக்க அன்றைக்கு எனக்கு மனசு ஏது?

பையனின் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. "வாங்க" என்றார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். குண்டாக இருந்தது, வெட்டினது, மறைத்தது, ஒப்புட்டு, நாத்தனார் சொன்ன பொய். போனில் என் பழைய போட்டோவை எடுத்துக் காட்டினேன். முந்தானையை ஒதுக்கி வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளையும் காட்டினேன். வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது!

"எங்களுக்கு முழுச் சம்மதமுங்க. எம் புள்ளைக்கு உங்க பையன ரொம்பப் பிடிச்சிருக்குதுங்க" என்றேன்.

அந்த அம்மா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதுங்களா? எம் பையன் ரெண்டு நாள் யார்கூடவும் பேசலீங்க. எங்கள வேண்டாம்னுட்டீங்கன்னுதான் நெனச்சோம்." வெற்றிலைக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நேத்துத்தானுங்க, கரூர்ப் பக்கத்துக்காரங்க வந்து இதே கூடத்துல கை நனைச்சுட்டுப் போனாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை நனைத்த இடத்தைக் கலைக்கச் சொல்ல நான் யார்? அங்கேயும் ஒரு பெண்பிள்ளை. அவளுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னத் தட்டு, தயிர்ச் சோறு. "இந்த வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. இனி சாப்புட்டாலும் வாக்குன்னு ஒண்ணுமில்லீங்களே" என்றார். கரண்டியை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு வெக்கட்டுங்க?" என்று கேட்டார்.

நான் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். அவ்வளவுதான் வைத்தார். குழைய மசித்த சோறு. அவசரமில்லாமல் மென்று சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். சோறு ஒரு தொந்தரவும் செய்யாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. தட்டைக் காலி செய்துவிட்டுக் கை கழுவினேன்.

வீடு வந்து சேர்ந்தபோது மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"அங்க ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் கண்ணு. அந்தம்மாவே போட்டாங்க."

"எவ்வளவு சாப்பிட்ட?"

"நாலு வாய்."

அவள் என்னையே பார்த்தாள்.

"உண்மையச் சொல்லியிருந்தா அன்னிக்கும் அந்த நாலு வாயே போதுமாயிருந்திருக்குமேம்மா" என்றாள்.