வாசகசாலையைத் தொடங்கியது யார்?

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பலர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதித் திருத்துகிற கலைக்களஞ்சியத்தில், திருவனந்தபுரம் கரமனையில் இருக்கும் எங்கள் தெருவைப் பற்றிக் கட்டுரை எழுதியவள் நான். தெருவில் பெண்களுக்கான வாசகசாலையைத் தொடங்கியவர் எதிர்வீட்டு மாமா என்று அதில் போட்டிருந்தேன். பழைய பலகையில் அவர் பெயர்தான் இருந்தது. மாமா காலமாகிவிட்டார், மாமி இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு தமிழ் நாளிதழ் அதை அப்படியே எடுத்துப் போட்டது. மாமி பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

“இதை ஆரு எழுதினா? வீடு வீடா ஏறி புஸ்தகம் சேர்த்தது நானாக்கும். சாவி என் இடுப்பிலேன்னா இருந்தது! அவர் பண்ணினது போர்டு எழுத ஆளைக் கொண்டுவந்தது மாத்ரம். அதிலே தன் பேரைப் போடச் சொல்லிட்டார்!”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உடனே திருத்தினேன். அரை மணி நேரத்தில், முகம் தெரியாத இன்னொரு தொகுப்பாளர் பழையபடி மாற்றிவிட்டார். நாளிதழ் ஆதாரம் இருக்கிறதாம்.

அந்த நாளிதழே என்னைப் பார்த்துத்தான் எழுதியது, தேதியைப் பாருங்கள் என்று உரையாடல் பக்கத்தில் எழுதினேன். ‘நீங்கள் நம்பத்தகுந்த ஆதாரம் அல்ல’ என்று பதில் வந்தது.

அடேயப்பா! நான் நம்பத்தகாதவள், என்னைக் காப்பியடித்த பேப்பர் மட்டும் வேதவாக்கா? கேட்டேவிட்டேன். மாமி கைப்பட எழுதிய முதல் புத்தகப் பதிவேட்டைப் படமெடுத்துப் போட்டேன். வீட்டு நோட்டு செல்லாது என்றார். நான் திருத்த, அவர் மாற்ற, மூன்று தடவை ஆயிற்று. அதற்கு மேல் போனால் தடை என்பது அங்கே விதி. தெரிந்தேதான் நாலாம் தடவையும் திருத்தினேன். ஒரு நாள் தடை விழுந்தது. விழட்டுமே.

தடை முடிந்து பார்த்தால், வாசகசாலைப் பத்தியையே அந்தத் தொகுப்பாளர் தூக்கியிருந்தார். மாமியிடம் சொன்னேன்.

“அவர் பேரு போச்சோல்லியோ? அது மதி, போறும்,” என்று சிரித்தார்.

“உங்களுக்குப் போறும் மாமி, எனக்குப் போறாது. அந்தப் பேப்பருக்கு நீங்களே மறுப்பு எழுதுங்கோ. அச்சிலே வந்தாத்தான் அவாளுக்கு ஆதாரம்.”

மாமி பேனா கேட்டார். இரண்டு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் நிறுத்தினார். கல்யாணமானதிலிருந்து மாமாவின் பெயருக்கு முன்னால் திருமதி என்று போட்டே பழக்கம். பதிவேட்டிலும் அப்படித்தான். இந்தத் தடவை தன் பெயரை மட்டும் எழுதினார்.

நாளிதழும் அப்படியே அச்சிட்டது. அதை ஆதாரமாகக் கொடுத்து, பத்தியைத் திரும்பப் போட்டு, ஐந்தாம் தடவை திருத்தினேன். இதுவரை யாரும் தொடவில்லை. தொட்டுப் பார்க்கட்டும்.